மொதல்ல வார்த்தை வரும், அப்புறம்தான் ஷெல் வரும்!

(திண்டுக்கல் ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியரிங் படிச்சவன், பெரிய பேச்சாளர் இல்ல. அதனால ஒரு கழித்தல் கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

2009 தொடக்கத்துல வன்னியில சிக்கியிருந்த நம்ம மக்கள் எத்தனை பேர்? இலங்கை அரசு சொன்னது சுமார் 70,000. போர் முடிஞ்சப்போ முள்வேலி முகாம்கள்ல இருந்தவங்க 2,80,000-க்கும் மேல!

அப்போ மீதி 2 லட்சம் பேர் வானத்துல இருந்து குதிச்சாங்களா? இல்ல. அங்கதான் இருந்தாங்க, கணக்குல மட்டும் இல்ல. கணக்குல இல்லாதவனுக்கு அரிசியும் வராது, மருந்தும் வராது. செத்தாலும் யாரும் எண்ண மாட்டாங்க.

2008 செப்டம்பர்லயே ஐ.நா. ஊழியர்களையும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேற வச்சாச்சு. சாட்சி போன பிறகு பேச்சு ஈஸி.

போருக்குப் பேரு "மனிதாபிமான நடவடிக்கை". பொதுமக்கள் உயிரிழப்பு "பூஜ்யம்", அதுதான் கொள்கைன்னாங்க. "பாதுகாப்பு வலயம்"னு அரசே அறிவிச்ச இடத்துலயே ஷெல் விழுந்துச்சு. மே 19 அன்னைக்கு ராஜபக்சே நாடாளுமன்றத்துல தமிழ்லயே பேசினார்: இது தமிழ் மக்களுக்கு எதிரான போர் இல்லையாம்!

2011-ல ஐ.நா. நிபுணர் குழு என்ன சொல்லுச்சு? பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கலாம்னு. மக்களை வெளியேற விடாம புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்லுது. அதை நாம மறைக்க வேண்டாம். ஆனா அதைக் காட்டி ஷெல் அடிச்சதை நியாயப்படுத்தவும் முடியாது.

உலகம் கேள்வி கேட்டப்போ வந்த பதில்: "பயங்கரவாத ஒழிப்பு, எங்க உள்நாட்டு விஷயம்." அந்தப் பேச்சு எடுபட்டுச்சு தோழர்களே! 2009 மே 27, ஜெனீவா மனித உரிமைக் கவுன்சில்ல இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு 29 நாடுகள் ஓட்டுப் போட்டுச்சு. அதுல நம்ம இந்தியாவும் ஒண்ணு.

2022-ல உக்ரைனுக்குள்ள படை போனப்போ புதின் அதைப் போர்னு சொல்லல, "சிறப்பு ராணுவ நடவடிக்கை"ன்னார். ஊர் வேற, டெம்ப்ளேட் ஒண்ணுதான்.

நம்ம வேலை என்ன? வார்த்தையைப் பரப்புறதுதானே. அதனால எந்தத் தலைவரோட போர்ப் பேச்சு வந்தாலும், ஷேர் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. அங்க சாட்சி இருக்கா? உள்ள எத்தனை பேர்? செத்தவங்களை எண்றது யாரு?

பதில் வேணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம தோட்டனூத்து முகாமுக்குப் போங்க. போருக்குப் பயந்து கடல் தாண்டி வந்த குடும்பங்கள் அங்க இருக்கு. பேசாதீங்க, உக்காந்து கேளுங்க.



#முள்ளிவாய்க்கால் #மறக்கமாட்டோம்