ஒளியைப் பிடித்து வைக்க மூணு துளை கம்மி

ஊடுபுள்ளிக் கோலம் தெரியும்ல? ஒரு வரிசையில் ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி வரும். அதே அமைப்புல, கால் மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் தகட்டில் துளை போடுறாங்க. துளைக்குத் துளை 420 நானோமீட்டர். இன்டர்நெட் ஃபைபர்ல ஓடுற அகச்சிவப்பு ஒளியால இந்தத் துளைக் காட்டுக்குள்ள போகவே முடியாது. இப்போ நடுவுல வரிசையா மூணு துளையைப் போடாம விட்டா, அங்கே மாட்டின ஒளிக்குச் சுத்திலும் சுவர்.

ஆனா மேலேயும் கீழேயும் வெறும் காற்றுதான். சாய்வா மோதுற ஒளி உள்ளேயே திரும்பிடும். நேரா மோதினா எஸ்கேப்!

2003-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுசுமு நோடாவின் குழு ஒரு சின்ன வேலை செஞ்சாங்க. அந்தக் காலி இடத்தின் ரெண்டு முனையிலும் இருந்த துளைகளைச் சுமார் 60 நானோமீட்டர் வெளிப்பக்கம் தள்ளினாங்க. அவ்வளவுதான். ஒளி எவ்வளவு நேரம் தங்குதுன்னு சொல்ற 'க்யூ' எண் பல மடங்கு ஏறி 45,000-ஐத் தொட்டது.

ஏன்? காபி டம்ளரோட நடந்து போறீங்க. சடார்னு நின்னா சிந்தும், மெதுவா நின்னா சிந்தாது. ஒளியும் அப்படித்தான். சுவர்ல போய் வெடுக்குனு அறுபட்டா, ஒரு பங்கு நேரா மேல போற அலையா மாறிடும். துளையைத் தள்ளினதும் சுவர் கொஞ்சம் மெத்துனு ஆயிடுச்சு. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி, இன்னும் நாலஞ்சு துளையை நகர்த்தினா? அஞ்சு துளை, ஒவ்வொன்றுக்கும் நூறு இடம்னு வெச்சா ஆயிரம் கோடி டிசைன். மனுஷ மூளைக்கு வேலைக்கு ஆகாது. 2014-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மின்கோவும் சவோனாவும் இதை ஜெனடிக் அல்காரிதம்கிட்ட கொடுத்தாங்க. நல்லா வந்த டிசைன்களைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கும், தேறாததைக் கழிக்கும். அதுவரை சில லட்சத்தில் நின்ன க்யூ, கணக்குல பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. ஆனா ஏன் அந்த இடம்னு கேட்டா அல்காரிதம் பதில் சொல்லாது. எந்தத் துளைகளை நகர்த்தலாம்னு முடிவு பண்ணதும் மனுஷங்கதான்.

கணக்குல ஜெயிச்சா போதுமா? நிஜத்தில் துளைகள் ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் பிசகும். அதனால கணினியிலேயே துளைகளைக் கோணல்மாணலா கலைச்சு, டிசைன் தாங்குதான்னும் பார்த்தாங்க. தாங்குச்சு. அதே வருஷம் இப்படி வடிவமைச்சுச் செஞ்ச ஒரு பொறியில், அளந்த க்யூவே பத்து லட்சத்துக்கு மேல. நேரமா சொன்னா, ஒரு நானோ செகண்டுக்குக் கிட்ட. வெளியே விட்டிருந்தா அதுக்குள்ள 25 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். இங்கே ஒண்ணு ரெண்டு மைக்ரான் இடத்துக்குள்ளேயே சுத்திட்டு இருக்கு.