துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் சாலை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்கிறது மாநில நெடுஞ்சாலை 176. ஊரைத் தாண்டியதும் முள்ளக்காட்டு உப்பளங்கள். வெயிலில் கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். மழைக்கு முன் பனையோலை வேய்ந்து மூடுவார்கள். பச்சை வேட்டியோடு சாலையோரம் நடப்பவர்கள் முருக பக்தர்கள்.

அடுத்து பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் துறைமுகம் இதுதான். அரபு நாட்டுக் குதிரைகள் இங்கே இறங்கின, முத்துகள் கப்பலேறின. அதற்கும் முந்தியது கொற்கை, பாண்டியரின் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளத் தள்ள, கொற்கை உள்நாட்டுக் கிராமமாயிற்று. பின்னர் காயலுக்கும் அதே கதி. அதன் பிறகே தூத்துக்குடி தலையெடுத்தது. ஒரே ஆறு இரண்டு துறைமுகங்களைத் தூர்த்த இந்த வரலாறு, நம் பள்ளிப் பாடங்களில் விரிவாக இடம்பெற வேண்டியது.

ஆற்றைக் கடந்தால் ஆத்தூர். இதன் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர். பக்கத்தில் மணப்பாடு. 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது.

திருச்செந்தூர் போகிறவர்கள் பழையகாயலில் ஒரு பத்து நிமிடம் இறங்கி, அந்த மண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள்.