யாழ்ப்பாண வானில் ஒரு மாலை: படைபலமும் பன்னாட்டுச் சட்டமும்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவோம் என்று மிரட்டவும் கூடாது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2ஆம் உறுப்பு 4ஆம் பிரிவு வகுத்த விதி இது. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சாசனம் கையெழுத்தானபோது இந்தியா விடுதலை பெற்றிருக்கவில்லை. ஆயினும் தொடக்க உறுப்பு நாடுகளில் அதுவும் ஒன்று. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் ஆற்காடு இராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும்.

இந்தத் தடைக்குச் சாசனம் தரும் விலக்குகள் இரண்டே. தன் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் ஒரு நாடு தற்காத்துக்கொள்ளலாம் என்பது 51ஆம் உறுப்பு. உலக அமைதிக்கு ஆபத்து வரும்போது பாதுகாப்புச் சபை படை நடவடிக்கைக்கு ஆணையிடலாம் என்பது 42ஆம் உறுப்பு. இவற்றோடு, ஒரு நாட்டின் அரசே மனமொப்பி அழைத்தால் அயல்நாட்டுப் படை அங்கே போகலாம் என்பதும் ஏற்கப்பட்ட வழக்கம்.

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் இரண்டு விவசாயிகளுக்குள் வரப்புத் தகராறு வந்தால், சர்வேயர் வந்து அளப்பார். தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. ஒருவர் அரிவாளோடு பாய்ந்தால், மற்றவர் காவலர் வரும்வரை தம் உயிரைக் காத்துக்கொள்ளலாம். 51ஆம் உறுப்பும் அதே நியாயம்தான்: பாதுகாப்புச் சபை தலையிடும்வரை தற்காப்பு உரிமை உண்டு. வேறுபாடு ஒன்றுதான். நாடுகளுக்கு மேலே காவல் நிலையம் இல்லை. பாதுகாப்புச் சபையில் நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். அதனால்தான் சிறிய நாடுகளுக்குப் படைபலத்தைத் தடுக்கும் விதி உயிர்நாடியாக இருக்கிறது.

இந்த விதி தமிழர் வாழ்வோடு மோதிய நாள் 1987 ஜூன் 4. அந்த ஆண்டின் தொடக்கம் முதலே யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடையில் சிக்கியிருந்தது. மே 26 அன்று இலங்கைப் படை குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் தமிழ்ப் போராளிகள் மீது பெரும் தாக்குதலைத் தொடங்கியது. உணவும் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடியோடு உணவுப் பொருள் ஏற்றிய படகுகள் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்தது, படகுகள் திரும்பின.

மறுநாள் பிற்பகல் 3 மணிக்குப் புது டெல்லியில் இலங்கைத் தூதர் வெளியுறவு அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள்களுடன் புறப்படும், எதிர்த்தால் பதிலடி தரப்படும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ்-32 சரக்கு விமானங்கள் கிளம்பின; மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலாக உடன் பறந்தன. மாலை 5 மணியளவில் பாராசூட்டுகளில் உணவு மூட்டைகள் இறங்கின. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர் பெற்ற இந்த நடவடிக்கையில் ஒரு குண்டும் வீசப்படவில்லை. இலங்கைத் தரப்பும் எதிர்த்துச் சுடவில்லை.

சட்டத்தின் முன் இதை எப்படி மதிப்பிடுவது? 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் அந்த நாட்டுக்கே உரியது. பிற நாட்டு அரசின் விமானம் எதுவும் அனுமதியின்றி அதில் நுழையக் கூடாது. இலங்கை இந்தியாவைத் தாக்கவில்லை; ஆகவே தற்காப்பு என்று சொல்ல இடமில்லை. பாதுகாப்புச் சபையின் ஆணையும் இல்லை. எதிர்த்தால் பதிலடி என்ற எச்சரிக்கையோ, சாசனம் தடுக்கும் மிரட்டலுக்கு மிக அருகில் வருகிறது. இறைமை மீறப்பட்டது என்று இலங்கை முறையிட்டது. மனிதநேய உதவி என்று இந்தியா விடை சொன்னது.

அந்த விடைக்கும் சட்டத்தில் ஓர் ஆதாரம் உண்டு. முந்தைய ஆண்டு, 1986 ஜூன் 27 அன்று, அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை வகித்தவர் இந்தியரான நாகேந்திர சிங். பாகுபாடு பாராமல் துன்புறுவோருக்கு மட்டும் தரும் மனிதநேய உதவி, சட்டவிரோதத் தலையீடு ஆகாது என்றது அத்தீர்ப்பு. அதே தீர்ப்பு, அயல்நாட்டில் கலகக் குழுக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் தருவது சட்டமீறல் என்றும் சொன்னது. 1983க்குப் பின் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்தியா பயிற்சி அளித்தது. ஆகவே தீர்ப்பின் முதல் பாதி இந்தியாவுக்குக் கை கொடுத்தது. இரண்டாம் பாதி எதிராக நின்றது.

அடுத்த கட்டம் அழைப்பின் பேரில் அமைந்தது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தேவைப்பட்டால் இந்திய அமைதிப் படையை இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைக்கலாம் என்று அதன் இணைப்பு கூறியது. மறுநாளே படை இறங்கியது. சட்டப்படி அது படையெடுப்பு அல்ல. ஆனால் அக்டோபரில் அமைதிப் படைக்கும் போராளிக் குழுக்களில் ஒன்றான விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அந்த மாதத்தில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே வருவதற்கு ஒரு படை பெறும் அனுமதி, உள்ளே அது செய்யும் எல்லாவற்றுக்கும் அனுமதி ஆகாது. போரிலும் குடிமக்களையும் மருத்துவமனைகளையும் காக்க வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் கட்டளை.

அழைத்தவர் அழைப்பைத் திரும்பப் பெறவும் முடியும். 1989 ஜூனில், ஜெயவர்த்தனாவுக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் படை வெளியேற வேண்டும் என்றார். ஒப்புதல் முடிந்த பிறகும் அயல்மண்ணில் படையை நிறுத்தி வைப்பது ஆக்கிரமிப்பு என்பது ஐ.நா. பொதுச் சபை 1974இல் ஏற்ற வரையறை. அந்தக் கோட்டைத் தொடும் நிலைக்கு வந்த பின், செப்டம்பரில் படை வெளியேறுவது பற்றி இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். பலியான பொதுமக்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒப்புக்கொண்ட கணக்கே இல்லை.

யாழ்ப்பாணத்தில் மக்கள் பசித்திருந்தது உண்மை. ஓர் எல்லை கேளாமல் கடக்கப்பட்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தன் குடிமக்களைப் பட்டினி போடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. அந்தப் பட்டினியைக் காரணம் காட்டித் தன் விருப்பப்படி படையோடு நுழையும் உரிமை எந்த அயல்நாட்டுக்கும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் காக்கும் வழி, எல்லா நாடுகளும் கூடி எடுக்கும் முடிவு ஒன்றே. அது மெதுவான வழிதான். ஆனால் குறுக்கு வழியின் விலையைக் கொடுத்தவர்கள், யாரைக் காப்பதற்கென்று விமானங்கள் பறந்தனவோ அந்த மக்களே. இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது.