யார் முதலில் ஏறுவது? ஜன்வார் ஸ்கேட் பார்க்கும் பொதுத் திடல் அரசியலும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் 'விளையாட்டும் சாதியும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்தவுடன் கபடி, கால்பந்து, கிரிக்கெட் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஸ்கேட்போர்டிங் பற்றி. நான்கு சக்கரம் பூட்டிய ஒரு மரப்பலகை, அதன் மேல் நின்றுகொண்டு ஓட்டுகிற விளையாட்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் அந்தப் பலகையில் ஏறியவன் அல்ல. பொதுவெளி பற்றி ஆய்வு செய்கிறவன் என்ற முறையில்தான் அதன் பக்கம் போனேன். அப்படிப் போனபோது கண்ணில் பட்ட ஊர் ஜன்வார்.

மத்தியப் பிரதேசத்தில், புந்தேல்கண்ட் வட்டாரத்தில், பன்னா மாவட்டத்தில் இருக்கிறது ஜன்வார். பக்கத்தில் புலிகள் காப்பகம். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். கோண்டு பழங்குடி மக்களும் யாதவர்களும் ஒரே ஊரில் தனித்தனிப் பகுதிகளில் வாழ்கிறார்கள். பேர்தான் ஒரே ஊர். இந்தக் கோட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர், சேரி என்று நாம் சொல்வதன் இன்னொரு வடிவம் அது.

2015இல் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற பெண் அங்கே ஒரு கான்கிரீட் ஸ்கேட் பார்க் கட்டினார். பெயர் 'ஜன்வார் காசில்'. பயிற்சியாளர் யாரையும் வைக்கவில்லை. பாடத்திட்டம் கிடையாது. இரண்டே விதிகள். ஒன்று, பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை கிடையாது. இரண்டு, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். ஒரு சிறுமி வந்து கேட்டால், பலகையில் நிற்கும் பையன் இறங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

குழந்தைகள் வந்தார்கள். வெறுங்காலோடு ஏறினார்கள், விழுந்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். கோண்டு பிள்ளையும் யாதவ் பிள்ளையும் ஒரே பலகையில் மாறி மாறி நின்றார்கள். பெரியவர்கள் எதிர்த்தார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அதையும் மீறித் திடல் நிறைந்தது. அந்தத் திடலில் வளர்ந்த கோண்டு சமூகப் பெண் ஆஷா கோண்ட், 2018இல் சீனாவின் நாஞ்சிங் நகரில் நடந்த உலக ஸ்கேட்போர்டிங் போட்டியில் இந்தியா சார்பில் கலந்துகொண்டார்.

பத்திரிகைகள் இதை ஓர் அதிசயக் கதையாக எழுதின. சக்கரப் பலகை சாதியை உடைத்தது என்றுகூடத் தலைப்பு வைக்கலாம், படிக்க நன்றாக இருக்கும். நம் இயக்கத்துக்கு அது போதாது. ஒரு விளையாட்டு சாதியை உடைக்குமா? உடைக்கும் என்றால் கிரிக்கெட் எப்போதோ உடைத்திருக்க வேண்டும்.

பல்வங்கர் பாலூவை நினைத்துப் பாருங்கள். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் மைதானப் பணியாளராக இருந்து பந்துவீச்சாளர் ஆனவர். 1911இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியவர். 'இந்துக்கள்' அணிக்கு அவருடைய இடது கை தேவைப்பட்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவருக்கு மட்டும் வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். அவ்வளவு திறமை இருந்தும் அணித்தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது, அதுவும் பெரும் போராட்டத்துக்குப் பிறகு.

பாலூவின் கதை நமக்குச் சொல்வது இதுதான்: எல்லைக்கோட்டுக்குள் சமத்துவம் இருந்தாலும், கோட்டுக்கு வெளியே சாதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அணியைத் தேர்வு செய்வது யார், தலைவர் யார், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது, பந்தும் மட்டையும் யார் வீட்டில் இருக்கின்றன என்பதில்தான் அது வேலை செய்யும்.

இப்போது ஜன்வாருக்குத் திரும்புவோம். ஸ்கேட்போர்டிங்கில் அணி கிடையாது, தலைவர் கிடையாது, நடுவர் கிடையாது. அதிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. புதிதாகக் கற்கிற பிள்ளை சரிவின் விளிம்பில் பலகையை வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து இறங்க வேண்டும். முதல் தடவை தனியாக இறங்க யாருக்கும் தைரியம் வராது. எதிரே நிற்கும் ஒருவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் தூக்கிவிட வேண்டும். தொட்டுத்தான் கற்க முடியும். கிரிக்கெட்டில் பந்தைத் தொட்டால் போதும், ஆளைத் தொடாமலே ஆடி முடித்துவிடலாம். இங்கே அது முடியாது. ஒரு கோண்டுச் சிறுமி நன்றாகக் கற்றுவிட்டால், யாதவ் வீட்டுப் பையன் அவளிடம்தான் கையை நீட்ட வேண்டும். யார் கற்றுக்கொடுப்பது, யார் கற்றுக்கொள்வது என்று சாதி போட்டு வைத்த வரிசை அந்த நொடியில் தலைகீழாகிறது.

'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் சகோதரத்துவம் பற்றிப் பேசும்போது, ஒரு சமூகத்துக்குள் மக்கள் கலந்து பழகுவதற்கும் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வதற்கும் பல வழிகள் திறந்திருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பொருளில் ஜன்வார் திடல் ஒரு சிறிய திறப்பு. அந்தத் திறப்பைக் கான்கிரீட் மட்டும் உண்டாக்கவில்லை. இரண்டாவது விதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். குறைவான பலகைகள், நிறையப் பிள்ளைகள். வலுவான வீட்டுப் பையன்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பழங்குடிப் பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். விதி இல்லாத பொது இடம் என்று எதுவும் கிடையாது. நாம் விதி எழுதாவிட்டால் பழைய விதி தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களுக்கு ஜன்வார் பிள்ளைகள் எளிமையாக வகுப்பெடுப்பார்கள்: வரிசையை மாற்றினால்தான் எல்லோரும் விளையாட முடியும்.

ஸ்கேட் பார்க்கில் கிண்ணம் போலக் குழிந்த ஓர் அமைப்பு இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வடிவம் நீச்சல் குளத்திலிருந்து வந்தது. 1970களில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. பணக்கார வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. கடற்கரைப் பகுதிகளின் எளிய வீட்டுப் பையன்கள் சுவர் ஏறிக் குதித்து, அந்தக் காலிக் குளங்களில் பலகை ஓட்டினார்கள். அடுத்தவன் சொத்தில் நுழைந்ததற்காகத் துரத்தப்பட்டார்கள். அந்தக் குளத்தின் வளைவைத்தான் இன்று உலகமெங்கும் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள்.

குளம் என்றதும் நமக்கு வேறு நினைவு வரும். 1927 மார்ச் 20, மகாத், சவதார் குளம். எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்த குளம் அது. தாளில் திறந்த குளத்தை அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்துத் திறந்தார்கள். சாதி இந்துக்கள் மந்திரம் ஓதி, 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. அமெரிக்காவிலும் குளம் இதே வேலையைச் செய்தது. கறுப்பின மக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் பொது நீச்சல் குளங்களை இழுத்து மூடியது. அப்படி மூடியது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. உன்னோடு சேர்ந்து குளிப்பதைவிட எனக்கும் குளம் வேண்டாம் என்கிற மனநிலை எந்த நாட்டில் இருந்தாலும் நமக்குத் தெரிந்த மனநிலைதான்.

அதனால் ஜன்வாரின் கான்கிரீட் பள்ளத்தை நான் தண்ணீர் இல்லாத ஒரு பொதுக்குளமாகப் பார்க்கிறேன். அதில் யார் இறங்கலாம் என்ற கேள்வி மகாத்தில் கேட்ட அதே கேள்வி.

அடுத்தது படைப்பாற்றல். ஒரு ஸ்கேட்டர் படிக்கட்டைப் பார்த்தால் தாண்டும் இடமாகப் பார்க்கிறார், கைப்பிடிக் கம்பியைப் பார்த்தால் சறுக்கும் இடமாகப் பார்க்கிறார். கட்டியவர் எதற்காகக் கட்டினாரோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பதை ஏற்க மறுக்கும் பார்வை அது. சாதி ஊரும் ஒரு வரைபடம்தான். இந்தத் தெரு வழியே வா, இந்த இடத்தில் செருப்பைக் கழற்று, இங்கே நில், அங்கே நிற்காதே என்று நம் உடம்புக்கு உத்தரவிடுகிற வரைபடம். அதை வேறு மாதிரி வாசிக்கப் பழகுவதும் அரசியல்தான்.

ஒடுக்கப்பட்ட மக்கள் இந்த விளையாட்டைக் கையில் எடுத்த இடங்களிலெல்லாம் இந்த அரசியலைப் பார்க்கலாம். பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் 2019இல் இளம்பெண்கள் 'இமில்லா ஸ்கேட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அய்மாரா, கெச்சுவா மொழிகளில் 'இமில்லா' என்றால் சிறுமி. அவர்கள் பலகை ஓட்டுவது பொயேரா என்ற மடிப்புப் பாவாடையோடு. அது அவர்களுடைய பாட்டிமார் உடுத்தியது. அதை உடுத்திய பழங்குடிப் பெண்கள் பல பொது இடங்களில் அவமானப்படுத்தப்பட்டு விலக்கப்பட்ட காலம் உண்டு. எந்த உடை இழிவின் அடையாளமாக இருந்ததோ அதை உடுத்திக்கொண்டே நகரத்தின் நடுவில் பறக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், சான் கார்லோஸ் அப்பாச்சி கலைஞர் டக்ளஸ் மைல்ஸ் தன் மகனுக்காக ஒரு பலகையில் ஓவியம் தீட்டினார். அது 'அப்பாச்சி ஸ்கேட்போர்ட்ஸ்' ஆக வளர்ந்தது. கடைப் பலகையில் இல்லாத தங்கள் முன்னோர்களின் உருவத்தை அந்த மக்கள் தாங்களே வரைந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சங்கடமான ஒரு விஷயத்தையும் பேச வேண்டும். ஜன்வாரைக் கட்டியது வெளியே இருந்து வந்த ஒருவர். 2021இல் நெட்ஃபிளிக்சில் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். ராஜஸ்தானில் எடுக்கப்பட்ட படம். அதிலும் லண்டனிலிருந்து ஒரு பெண் ஊருக்கு வந்த பிறகுதான் கதை நகர்கிறது. நம் பிள்ளைகளைக் கைதூக்கிவிட எப்போதும் யாராவது விமானத்தில் வந்து இறங்க வேண்டுமா? உல்ரிக்கின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதையின் நாயகர் யார் என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பப் பெரியவர்கள் மறுத்த ஊரில், முதலில் பலகையில் ஏறி ஏச்சு வாங்கியவர்கள் அந்தச் சிறுமிகள். ஆஷா பின்னர் அதே ஊரில் குழந்தைகளுக்காகத் தாமே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எனக்கு நாஞ்சிங் போட்டியைவிட அதுதான் பெரிய செய்தி.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேட் பார்க் நிலம் தராது. கூலியை உயர்த்தாது. கோண்டு மக்களின் காட்டு உரிமையை மீட்டுத் தராது. மாலையில் கைகோத்து விளையாடிய பிள்ளைகள் இரவில் தனித்தனிப் பகுதிகளுக்குத்தான் திரும்புகிறார்கள். அவர்கள் வளர்ந்து காதலித்தால் என்ன நடக்கும் என்பதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. திடல் ஒரு தொடக்கம், அவ்வளவுதான். ஆனாலும் பத்து வயதில் ஒருவர் கையை ஒருவர் பிடித்த பிள்ளைகளுக்கு, தொடக்கூடாது என்று பிறகு சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் கடினம்.

நம் ஊர்களுக்கு வருவோம். பள்ளி மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுகிற மாநிலம் இது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வழியாகச் சாதியைக் காட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது தேவைதான். அறுத்த பிறகு அந்தக் கை எதைப் பிடிக்கும் என்று யார் யோசிக்கிறோம்? சாதிக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு நிறச் சட்டை, திருவிழாவுக்கு ஒரு போட்டி என்று விளையாட்டையே கயிறாக மாற்றி வைத்திருக்கிறோம்.

2024இல் தமிழ்நாடு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டுப் பொருட்கள் தருகிற நல்ல திட்டம். தோழர்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊராட்சியில் போய்க் கேளுங்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? சேரிப் பிள்ளை எந்த நேரத்தில் போய்க் கேட்டாலும் பந்து கிடைக்குமா? பெண்பிள்ளைகள் கேட்டால்? திடல் ஊர்க் கோயிலுக்கு எதிரே இருக்கிறதா, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறதா? கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சாவி பெண்பிள்ளைகள் குழுவிடம் இருக்க வேண்டும். அணிகளைத் தெருவாரியாகப் பிரிக்கக் கூடாது. யாரும் விளையாடாமல் திருப்பி அனுப்பப்பட்டால் அது கிராம சபையில் பதிவாக வேண்டும்.

நமக்குச் சக்கரப் பலகை வேண்டும் என்பதில்லை, கைப்பந்து போதும். ஆனால் ஜன்வாரின் அந்த இரண்டாவது விதி நமக்குக் கட்டாயம் வேண்டும். இதுவரை கடைசியில் நிறுத்தப்பட்டவர் முதலில் ஏறட்டும்.