இலையும் பூவும் தரும் நிறம்: இயற்கைச் சாயத் தொழிலும் அதன் நிலைபேறும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடத்திற்குச் செல்லும் குறுகிய தெருவும் அதன் சுற்றுப்புறமும் ஜூ டவுன் எனப்படுகின்றன. மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள் ஆகியவற்றின் கிடங்குகளாற் பெயர் பெற்ற இடம் இது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் இங்கு வாழ்ந்த யூதக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவை அங்குக் குடியேறிவிட்டன. இன்று இங்குள்ள கடைகளுட் பல, பழம்பொருள்களையும் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்று வருகின்றன.

'இயற்கைச் சாயம்' என்னும் சீட்டுத் தாங்கிய துணிகளும், இலைகளின் உருவம் பதிந்த தாள்களும் இத்தகைய கடைத்தெருக்களையே சந்தையாகக் கொண்டவை. அச்சீட்டை நம்பி வாங்குபவர் கூடுதல் விலை தருகிறார். அந்தக் கூடுதல் விலையே, எங்கோ ஒரு மலையூரில் இலைகளைக் கொதிக்கவைக்கும் தொழிலாளியின் கூலியாகிறது. வாங்கிய துணி இரண்டு சலவைக்குள் வெளுத்துப் போனால், அவர் மறுமுறை வாங்க மாட்டார். அந்த இழப்பு கடைக்காரரோடு நில்லாது தொழிலாளியின் வீடு வரை சென்று சேரும். ஆகவே, இத்தொழிலை வளர்க்க விரும்புவோர், 'எத்தனை இலைகள் நிறம் தரும்?' என்று கேட்பதினும், 'தந்த நிறம் நிற்குமா? நிற்கும் என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்?' என்று கேட்பதே பொருத்தமாகும்.

பழைய வாணிகம்

சாயச் சரக்குகள் மேற்குக் கடற்கரைக்குப் புதியன அல்ல. எகிப்து நாட்டின் பழைய கெய்ரோவில், யூதத் தொழுகைக் கூடமொன்றின் சேமிப்பறையிற் கிடைத்த கெனீசா ஆவணங்களுள், 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவோடு வாணிகம் செய்த யூத வணிகர்களின் கடிதங்களும் கணக்குகளும் உள்ளன. மிளகு முதலிய நறுமணப் பொருள்களோடு பதிமுகம், அரக்கு ஆகிய சாயப்பொருள்களும் அவ்வாணிகத்தில் இடம்பெற்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கொல்லத்தின் பதிமுகத்தையும் அவுரி நீலத்தையும் குறிப்பிட்டுள்ளார். இன்றும் கேரள இல்லங்களில் குடிநீரைக் கொதிக்க வைக்கும்போது பதிமுகச் சீவல் இடும் வழக்கம் உண்டு. அந்நீரின் இளஞ்சிவப்பே ஒரு காலத்தில் கடல் கடந்து விலை போன நிறமாகும்.

கிழக்குக் கடற்கரையிலோ, சாயவேரினாற் சிவப்பேற்றிய பருத்தித் துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவெங்கும் விரும்பி வாங்கப்பட்டன. அவற்றின் அழகு மட்டும் இதற்குக் காரணம் அன்று. துவைத்தாலும் நிறம் போகாத பருத்தித் துணி அக்காலத்தில் ஐரோப்பியருக்கு அரிய பொருளாக இருந்தது. நம் நாட்டுச் சாயத்தொழிலின் பழம்புகழ், நிறத்தின் உறுதி மீது எழுந்த புகழே எனலாம்.

செயற்கைச் சாயத்தின் வருகை

1856-இல் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கின், நிலக்கரித் தார் வழியாக ஊதாச் சாயம் ஒன்றை உண்டாக்கினார். 1868-இல் ஜெர்மானிய அறிஞர்களான கிரேபேயும் லீபர்மானும் மஞ்சிட்டி இனச் செடிகளின் சிவப்பைச் செயற்கையாகத் தயாரித்தனர். 1897-இல் செயற்கை அவுரி நீலம் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இந்திய அவுரி ஏற்றுமதி பெருவீழ்ச்சி கண்டது. மலிவு, ஒரே சீரான நிறம், விரைவு ஆகிய மூன்றிலும் செயற்கைச் சாயத்தோடு இலையும் வேரும் போட்டியிட இயலவில்லை.

ஆயினும், அம்மலிவின் விலையை வேறு சிலர் செலுத்த நேர்ந்தது. திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு 1992-இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், அப்பகுதியின் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. அங்கு நிலத்தையும் நீரையும் பெரிதும் கெடுத்தது, சாயத்தைப் பருத்தியில் ஏற்றப் பயன்படும் உப்பு என்பது கருதத்தக்கது. இதற்கு முன்னரே, 1990-களில், தீங்கு விளைவிக்கும் 112 சாயங்களை மைய அரசு தடை செய்திருந்தது. இயற்கைச் சாயத்தின்பால் மக்களின் கவனம் மீண்டும் திரும்பியதன் பின்னணி இதுவாகும்.

நிறம் பற்றும் விதம்

நிறமுள்ள பொருள் யாவும் சாயம் ஆகா. ஜூ டவுன் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்படும் மஞ்சளே இதற்குத் தக்க சான்று. மஞ்சள் நீரில் தோய்த்த பருத்தித் துணி உடனே பளிச்சென நிறம் பெறும். ஆனால், சில நாள் வெயிலிற் காய்ந்தால் அந்நிறம் மங்கிவிடும். செம்பருத்திப் பூவின் சிவப்பும் அத்தகையதே. புளிப்புப் பட்டால் ஒரு நிறமும், சோப்பு நீர் பட்டால் வேறொரு நிறமுமாக மாறும் தன்மை அதற்கு உண்டு. துவர்ப்புச் சத்து மிகுந்த கடுக்காய், மாதுளை ஓடு, தைலமர இலை முதலியன பருத்தியை நன்கு பற்றுகின்றன. செண்டுமல்லிப் பூவின் மஞ்சள் நிறம் படிகாரத்தின் துணையோடு ஓரளவு உறுதி பெறுகிறது.

இத்துணைப் பொருளை நிறமூன்றி என்பர். சாயத்தையும் இழையையும் பிணைக்கும் பாலம் அது. கலங்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காய்க் கரைசலில் ஊறவைத்தும், சிவப்புக்குப் படிகாரத்தையும், கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரையும் பயன்படுத்தியும் வருவது இவ்வறிவின் பயனே. ஒரே இலை, படிகாரத்தோடு மஞ்சளாகவும் இரும்போடு சாம்பல் நிறமாகவும் பதிவது இதனாலேயே.

அண்மைக் காலத்தில் பரவியுள்ள இலைப்பதிவு முறையும் இதே நியதிக்கு உட்பட்டது. ஆஸ்திரேலியக் கலைஞர் இந்தியா பிளின்ட், தைலமர இலைகளைக் கொண்டு இம்முறையைப் பலரறியச் செய்தார். துணியை முதலில் நன்றாக வெளுத்து, கடுக்காய்க் கரைசலிலும் படிகாரக் கரைசலிலும் முறையே ஊறவைப்பர். ஈரத் துணியின் மீது இலைகளையும் பூவிதழ்களையும் பரப்பி, ஒரு கழியில் இறுகச் சுருட்டி, கயிற்றாற் கட்டி, ஓரிரு மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். ஆறிய பின் பிரித்தால், இலையின் நரம்புகளும் ஓரங்களும் துணியிற் பதிந்திருக்கும். பட்டும் கம்பளியும் இந்நிறத்தை எளிதில் ஏற்கின்றன. பருத்திக்கோ முன்னேற்பாடு இன்றியமையாதது.

தாளும் பருத்தியைப் போலச் செல்லுலோசால் ஆனதே. ஆகவே, முறையும் ஏறத்தாழ ஒன்றே. படிகார நீரில் நனைத்த தாள்களின் இடையே இலைகளை வைத்து, இரண்டு ஓடுகளுக்கு நடுவே இறுகக் கட்டி வேகவைப்பர். மரக்கூழால் ஆன மெல்லிய தாள் கொதிநீரிற் பிரிந்துவிடும். பருத்திக் கந்தையால் ஆன கைத்தாள் தாங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் இயங்கிவரும் கைத்தாள் ஆலை போன்றவற்றின் தாள்கள் இப்பணிக்கு ஏற்றவை. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. படிகாரம் மிகுந்தால் தாளில் அமிலத்தன்மை ஏறி, நாளடைவில் அது நொறுங்கும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு, தாளையே அரிக்கும். நெடுங்காலம் நிற்கவேண்டிய ஏடுகளுக்கு இம்முறைகளை அளவறிந்தே கையாளுதல் வேண்டும்.

மூணாறு காட்டும் வழி

கொச்சியிலிருந்து கிழக்கே மலையேறினால் வருவது மூணாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். அக்குடும்பங்களின் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குக் கல்வியும் தொழிலும் தரும் நோக்குடன், டாடா தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் 1990-களில் 'சிருஷ்டி' நலத்திட்டம் உருப்பெற்றது. அதன் அங்கமான 'ஆரண்யா' இயற்கைச் சாயக்கூடத்தில் அவ்விளைஞர்கள் துணிகளுக்குச் சாயமேற்றுகின்றனர். 'அதுல்யா' என்னும் மற்றோர் அங்கத்தில் கைத்தாள் தயாராகிறது.

இம்முயற்சியில் மூன்று செய்திகள் பொருளாதார நோக்கில் கவனிக்கத்தக்கவை. முதலாவது, மூலப்பொருள். தேயிலை ஆலைகளின் விறகுக்காக வளர்க்கப்பட்ட தைலமரங்களின் இலையும், தேயிலைக் கழிவும் அங்கு எளிதிற் கிடைப்பவை. சாயத்திற்கெனத் தனியே நிலம் ஒதுக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, உழைப்பு. முடிச்சிடுதல், மடித்தல், கட்டுதல், தோய்த்தல் எனச் சிறு சிறு படிகளாகப் பிரியும் இத்தொழிலில், ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கு ஏற்ற படியைத் தேர்ந்து திறம் பெற இயலும். விரைவு குறைவு என்பது ஆலையில் குறை. இங்கோ பொறுமையே தகுதி. மூன்றாவது, சந்தை. வாங்குபவர் இரக்கத்தால் ஒருமுறை வாங்கலாம். மீண்டும் வாங்குவது பொருளின் தரத்தாலேயே. அவ்விளைஞர்களின் வருவாய் நிலைபெறுவது நிறத்தின் உறுதியைச் சார்ந்தது.

அளவும் எல்லையும்

இயற்கைச் சாயம் செயற்கைச் சாயத்தை முற்றிலும் அகற்றிவிடும் என்னும் கருத்து கணக்குக்கு ஒத்துவராது. இன்று உலகின் இழை உற்பத்தி ஆண்டுக்கு 11 கோடி டன்னைக் கடந்துவிட்டது. ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்ற, அதன் எடைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இலை அல்லது பூ தேவைப்படுவது பொதுவான அனுபவம். அந்த விகிதத்தில் உலகத் துணி முழுமைக்கும் சாயம் தர முற்பட்டால், உணவுப் பயிருக்குரிய நிலமும் காடும் அதற்கு இரையாகும். கொதிக்கவைக்க விறகும் அலசுவதற்கு நீரும் வேண்டும்.

'இயற்கை' என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதும் உணரத்தக்கது. நிறத்தை மிகுவிக்கக் குரோமிய உப்பையும் செப்பு உப்பையும் நிறமூன்றியாகச் சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பூவிலிருந்து வந்த நிறமாயினும், அக்கழிவுநீர் நஞ்சே. படிகாரத்தோடும் இரும்போடும் நின்றுவிடுவதே முறை.

எனவே, கழிவாகும் பொருளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ஓணத் திருநாளின் பூக்கோலங்களுக்காகத் தோவாளை, குண்டலுப்பேட்டை முதலிய இடங்களிலிருந்து செண்டுமல்லி கேரளத்திற்குச் செல்கிறது. திருநாள் முடிந்ததும் அது குப்பையாகிறது. கோயில்களில் சார்த்திக் களையப்படும் மாலைகளும் அவ்வாறே. இவற்றை உலர்த்திச் சேமித்தால் சிறு கூடங்களுக்கு ஆண்டு முழுவதும் மஞ்சள் நிறத்துக்கு மூலப்பொருள் கிட்டும்.

சீட்டும் சான்றும்

வாங்குபவரின் நம்பிக்கையைக் காக்க இரண்டு சான்றுகள் தேவை. நிறத்தின் உறுதியைச் சோதனைக் கூடத்தில் அளக்க முடியும். ஒளிக்கு நிறம் தாங்கும் திறன் 1 முதல் 8 வரையும், சலவைக்குத் தாங்கும் திறன் 1 முதல் 5 வரையும் படிகளிட்டு மதிப்பிடப்படுகின்றன. சிறு கூடம் ஒன்றுக்கு இச்சோதனைச் செலவு பெரும் சுமை. நெசவாளர் சேவை மையங்களும் ஜவுளிக் குழுவின் கூடங்களும் இதனைக் குறைந்த கட்டணத்தில் செய்து தருமாயின், அது மானியத்தினும் மேலான உதவியாகும்.

நிறத்தின் பிறப்போ வேறு வகையிற் காட்டப்பட வேண்டுவது. செயற்கை அவுரியும் செடி அவுரியும் வேதியியலில் ஒரே பொருள். சாதாரணச் சோதனையில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே, இலையும் பூவும் எங்கிருந்து வந்தன, எவ்வளவு வந்தன, எந்த நிறமூன்றி எவ்வளவு சேர்ந்தது என்பவற்றைக் கூடத்திலேயே பதிவேட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. கைத்தறிக்கு 2006-இல் கைத்தறி முத்திரையும், 2015-இல் இந்தியக் கைத்தறிச் சின்னமும் அறிமுகமானபோது ஏற்கப்பட்ட நெறியும் இதுவே: பொருளின் உண்மையை, அதைச் செய்யும் இடத்திலேயே உறுதி செய்தல்.

சீட்டில் உண்மை முழுவதும் இருத்தல் வேண்டும். 'நிழலில் உலர்த்துக', 'இந்நிறம் காலப்போக்கில் சற்று மென்மையாகும்' என எழுதுவதால் விற்பனை குன்றாது. மறைத்து விற்பதே குன்றச் செய்வது. மாவட்டத் தொழில் மையங்களிலும் கைத்தறித் துறையிலும் பணியாற்றும் அலுவலர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்னும் எண்ணிக்கையோடு, பயின்றவர் செய்த துணி எந்தப் படியில் நிறம் தாங்கியது என்னும் எண்ணையும் தம் அறிக்கைகளிற் சேர்ப்பாராயின், இத்தொழிலின் உண்மை நிலை புலப்படும்.

முன்னர் இக்கடற்கரையில் பதிமுகம் வாங்கிய வணிகர், சரக்கின் தரத்தைக் கையாலும் கண்ணாலும் அறிந்தவர். இன்று ஜூ டவுனில் ஒரு துணியை விரித்துப் பார்ப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு சீட்டு மட்டுமே. அச்சீட்டு மெய் சொல்லுமாயின், மலைமேல் இலை பறித்துக் கொதிக்கவைக்கும் கைகளுக்கு நாளையும் வேலை இருக்கும்.