படிப்படியாக ஏறுவோம்



கழுத்தில் துணி கட்டி, சட்டையில் சின்னம் தைத்துப் போகும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பையன்கள் சாரணர். பெண் பிள்ளைகள் சாரணியர். நான் நம் பெங்களூரில் ஒரு பள்ளியில் சாரணியர் படையை நடத்துகிறேன். அந்தச் சின்னம் எப்படிக் கிடைக்கிறது என்று இன்று சொல்கிறேன்.

சாரணர் இயக்கம் நம் ஊருக்குப் பழையது. இந்தியாவின் முதல் சாரணர் படை 1909ஆம் ஆண்டு இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் கேப்டன் பேக்கர். அப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் அதில் இடம். நம் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனிச் சங்கம் அமைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று சங்கங்கள் இணைந்தன. பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தனர்.

படையில் பிள்ளைகள் சிறு சிறு அணிகளாக இருப்பார்கள். ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களில் ஒருவரே அணித் தலைவர்.

முதலில் பிரவேஷ். அதாவது நுழைவு. உறுதிமொழி, சாரணர் விதிகள், தினம் ஒரு நற்செயல் ஆகியவற்றைப் பழக வேண்டும். அடுத்து முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. இவற்றைப் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்பார்கள். சோபான் என்றால் படிக்கட்டு. முடிச்சு, முதலுதவி, திசை அறிதல், சமையல், கூடாரம் என்று பாடம் வளரும். அதன் பிறகு மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார். கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் பல மாதங்கள் ஆகும். வாயால் சொன்னால் மட்டும் போதாது. கையால் செய்து காட்ட வேண்டும்.

ஒருமுறை ஒரு சிறுமிக்கு நான் தேர்ச்சி தரவில்லை. காயக்கட்டை இறுக்கும் ரீஃப் முடிச்சை அவள் மாற்றிப் போட்டுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா கோபமாக வந்தார். பூக்கட்டி விற்பவர்.

"ஒரு முடிச்சுக்காகவா டீச்சர் என் பிள்ளையை அழ வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் பதில் பேசவில்லை. சிறுமி போட்ட முடிச்சை அவர் கையில் கொடுத்தேன். இழுத்தார். அது நழுவி அவிழ்ந்தது.

"இப்படிக் கட்டினால் பூச்சரமே நிற்காதே! ரத்தம் எப்படி நிற்கும்?" என்றார். வீட்டில் மகளைத் தினமும் பழக வைத்தார். அடுத்த மாதம் அவள் சரியாகக் கட்டினாள். அன்று சின்னம் பெற்றாள்.

சரி, கற்றுக்கொடுப்பவருக்குப் படி இல்லையா? உண்டு. முதலில் அடிப்படைப் பயிற்சி. பிறகு தம் படையை நடத்திப் பழக வேண்டும். அதற்குப் பிறகே மேல்நிலைப் பயிற்சி. அதன்பின் ஹிமாலய வுட் பேட்ஜ். அதைப் பெற்றவர் கழுத்தில் தோல் கயிறும் இரண்டு மர மணிகளும் இருக்கும். பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர் என்றால் மூன்று மணி அல்லது நான்கு மணி.

பயிற்சி முகாமில் தலை நரைத்த ஆசிரியர்களும் பிள்ளைகளைப் போலவே அணியாகப் பிரிவோம். கூடாரம் அடிப்போம். விறகு மூட்டிச் சமைப்போம். நான் போட்ட முடிச்சும் அங்கே அவிழ்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி கட்டினேன்.

உங்கள் பிள்ளை முகாமுக்குப் போக வேண்டும் என்றால் சம்மதக் கடிதம் வரும். முன்பு பெருவிரலை வைத்துக் கொடுத்திருப்பீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். எங்கே முகாம்? எத்தனை நாள்? உடன் போவது யார்? அவர் பயிற்சி பெற்றவரா? பெண் பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் இருப்பாரா? தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நீங்களும் அ, ஆ என்று தொடங்கினீர்கள். சொல் படித்தீர்கள். இன்று வாக்கியம் படிக்கிறீர்கள். அதுவும் படிக்கட்டுதான். பிள்ளை ஒரு படி ஏறட்டும். நாமும் ஒரு படி ஏறுவோம்.