வெண்பா என்றொரு விளையாட்டு

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் காரைக்காலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட நம் மூத்த கவிஞர் ஒருவர், "யாப்பிலக்கண உரை போலும், குறிப்பேட்டோடு வருகின்றேன்" என்றார். அவரை ஏமாற்றப் போகின்றேன். நான் இங்குப் பேச வந்திருப்பது இளைஞர்கள் 'கேம்' என்று அழைக்கும் கணினி விளையாட்டைப் பற்றி. அதிலும் கூடுதலாக ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டம் பெற்றுத் தமிழ் கற்பிக்கும், நாற்பதைக் கடந்த இந்தப் பெண் அவற்றை ஆய்பவள் மட்டும் அல்லள், விரும்பி ஆடுபவள்.

முன்பு நான் இவற்றின் பகைவியாகவே இருந்தேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அவன் ஆடும் கருவியைப் பிடுங்கி நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தேர்வில் அவன் நல்ல மதிப்பெண் பெற்றான். ஆனால் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அந்த மௌனம் ஓராண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் குடியிருந்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்த ஒரு நாள், மடிக்கணினியை என் முன் வைத்து, "அம்மா, ஒரு மணி நேரம் மட்டும் உட்காரும்மா. இது உனக்காகத்தான்" என்றான். திரையில் தோன்றிய பெயர் 'வெண்பா'.

ஆட்டமும் பாட்டும்

விளையாட்டும் இலக்கியமும் நமக்கு வேறுவேறானவை அல்ல. விளையாட்டைக் குறிக்கும் உரிச்சொற்களாகக் கெடவரல், பண்ணை என்னும் இரண்டைத் தொல்காப்பியர் தனித்து எடுத்துரைத்தார். பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியனவும், பெண்பாற் பருவங்களுள் அம்மானை, ஊசல் ஆகியனவும் விளையாட்டுகளே. மணிவாசகர் அம்மானை, சாழல், உந்தி, பொன்னூசல் என மகளிர் ஆடிய ஆட்டங்களையே பாடல் வடிவங்களாக்கிக்கொண்டார். தெருவில் ஆடிய ஆட்டத்தை இறைவன் திருமுன் கொண்டு நிறுத்துவதற்கு அவர் கூசவில்லை.

நாம் செய்வது மட்டும் என்ன? மாதந்தோறும் ஈற்றடி கொடுத்து வெண்பா இயற்றச் சொல்கின்றோம். வெண்டளை பிறழலாகாது, ஈற்றடி முச்சீரால் அமைதல் வேண்டும், இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். விதியை ஏற்றுக்கொண்டு, அவ்விதிக்குள் விடுதலை தேடுவதே வெண்பா. நல்ல கணினி விளையாட்டின் இலக்கணமும் அதுவே எனலாம். தோற்றவன் தோற்ற இடத்திலிருந்தே மீண்டும் தொடங்குகின்றான். முடிவே தொடக்கமாகும் அந்தாதியை நூற்றொரு வெண்பாக்களில் பாடிய அம்மையார் பிறந்த ஊரில், இதனை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏட்டில் அழிந்த வரிகள்

'வெண்பா' கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள 'விசை' என்னும் சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு. அதன் படைப்பாளர் அபி என்னும் தமிழர். 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய இணையர் அதன் மாந்தர். மனைவி பெயர் வெண்பா. கணவன் பெயர் பாவலன். மகன் பெயர் கவின். இந்த மூன்று பெயர்களையும் உலகெங்கும் தமிழறியாதவர்கள் உச்சரித்துப் பழகியிருக்கின்றார்கள்.

இதில் வாளும் துப்பாக்கியும் இல்லை, எதிரியும் இல்லை. ஆடுபவர் சமைக்க வேண்டும். வெண்பாவின் தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கின்றது. விடுபட்ட வரிகளை ஆடுபவரே ஊகித்து நிரப்புதல் வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேல்தட்டுக்கும் ஏறும்? புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப் பூவையும் எவ்வரிசையில் இடுவது? முப்பது ஆண்டுகளாக இட்லி அவிக்கும் நான், முதல் முறை தட்டை மாற்றி அடுக்கித் தோற்றேன். என் மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பொலியை நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஆயினும் இவ்விளையாட்டின் உயிர் சமையலில் இல்லை. தாய் தமிழில் கேட்கின்றாள். மகன் ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றான். அவள் ஆக்கி வைத்து அவன் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றாள். பின்னர் ஒருநாள், வளர்ந்த மகன் தானே அவ்வேட்டைத் திறக்கும்போது தமிழெழுத்தே அவனுக்குத் தடையாகின்றது. முன்பு கறை மறைத்த வரியை இப்போது அறியாமை மறைக்கின்றது. சிதைந்த சுவடியைப் படித்துப் பாடம் காணும் பதிப்பாசிரியரின் பணியன்றோ இது! முடிவை நான் கூறப்போவதில்லை. நீங்களே ஆடிக் காணுங்கள். நான் முடித்தபோது என் கண்கள் நிறைந்திருந்தன. என் மகன் சமையலறைக்குச் சென்று எனக்குத் தேநீர் கலந்து வந்தான். குதிரைப் பற்றி அன்று இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

2024ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற தனிப்படைப்பாளர் விழாவின் தலையாய பரிசையும் இது பெற்றது. நம் இதழ்களில் இதைப் பற்றி ஒரு மதிப்புரையேனும் வெளிவந்து நான் கண்டதில்லை.

புறமும் அகமும்

தமிழர் இதற்கு முன்பும் விளையாட்டில் இடம்பெறாமல் இல்லை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் புகழ்பெற்ற போர் விளையாட்டின் இரண்டாம் பாகத்திற்கு 2022இல் வெளிவந்த இணைப்பில் இராசேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். 2025இல் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பாகத்தில் சோழரும் ஓர் அரசாக இடம்பெற்றனர். கடாரம் நோக்கிக் கலம் சென்ற கடல் நம் வாசலில் அலையடிக்கும் இதே கடல்தான். அதனைத் திரையில் காணும்போது எனக்கும் பெருமிதம் எழுகின்றது; மறைக்கவில்லை.

ஆனால் அவை அனைத்தும் புறம். கொடியும் கப்பலும் படையும் மட்டுமே தமிழ் எனின், நம் இலக்கியத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். சங்கப் பாடல்களில் மிகுதியானவை அகப்பாடல்களே. அடுக்களையும் காத்திருப்பும் பிரிவும் ஒரு விளையாட்டின் பொருளாகலாம் என 'வெண்பா' காட்டியது. முன்னர் 2020இல் புனேயைச் சேர்ந்த சிறு குழுவொன்று 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. அழகிய ஆக்கம்; ஆயினும் அதன் மொழி ஆயுதமே. அவ்வகையில் 'வெண்பா' முன்வைத்த அடியே புதிது என்பது என் கருத்து.

சந்தையின் போக்கு

இனி இத்துறையின் இன்றைய போக்கினையும் சற்றே நோக்குவோம்.

முதலாவது, பெருநிறுவனங்களின் வீக்கம். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏறத்தாழ 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்டை விலைக்கு வாங்கியது. நான்கு மாதங்களுக்குள் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைப் பணிநீக்கம் செய்தது. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கான்கார்ட்' இரண்டே வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே ஆண்டில், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் தனியே உருவாக்கிய 'பலாட்ரோ' என்னும் சீட்டு விளையாட்டு உலகை ஈர்த்தது. 2025இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சிறு குழுவொன்று 'எக்ஸ்பெடிஷன் 33' என்னும் ஆக்கத்தைத் தந்தது. ஓவியம் தீட்டும் ஒரு பேருருவம் ஆண்டுதோறும் ஓர் எண்ணை எழுதுகின்றது. அவ்வயதினர் மறைந்துபோகின்றனர் என்பது அதன் கரு. பாரிசில் உறவினர் இல்லாத தெரு காரைக்காலில் அரிது; அங்கு வாழும் நம் பிள்ளைகள் இதைப் பிரெஞ்சு மொழியிலேயே ஆடுகின்றார்கள். பெருஞ்செலவு பெருங்கலையாவதில்லை என்பதை இத்துறை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கின்றது.

இரண்டாவது, விளையாட்டின் போர்வையில் சூது. திறக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கும் முறையைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்றது. தமிழ்நாடு 2022இல் தனிச்சட்டம் இயற்றியது. ஆயினும் மாநில எல்லை கடந்த நம் மாவட்டத்தில் அது செல்லாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுமைக்குமாகத் தடுக்க முற்பட்டது. சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலில் கோத்த இரைக்கு வள்ளுவர் ஒப்பிட்டதன் ஆழம் மீன்பிடி ஊரார்க்கு நன்கு விளங்கும். ஆனால் சூதைக் கடிந்த வள்ளுவத்தை எல்லா விளையாட்டின்மீதும் ஏவுவது முறையன்று. நான் செய்த பிழை அதுவே.

மூன்றாவது, இயந்திரம் எழுதும் எழுத்து. தம் குரலையும் அசைவையும் செயற்கை நுண்ணறிவு கவர்ந்துகொள்வதை எதிர்த்து அமெரிக்க நடிகர் சங்கத்தினர் 2024 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். சொல்லை நம்பி வாழும் நாம் அதனை அயலார் வழக்காகக் கருதலாகாது.

கறையான் தின்னும் ஏடுகள்

தமிழாசிரியையாகிய என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் விலைக்குக் கிடைப்பதில்லை என 2023இல் அங்குள்ள வரலாற்று அறக்கட்டளையொன்று ஆய்ந்து அறிவித்தது. வழங்கி நிறுத்தப்பட்டால், காசு கொடுத்து வாங்கியவரிடமும் விளையாட்டு இராது. 2024இல் 'தி க்ரூ' என்னும் விளையாட்டு அவ்வாறே மறைந்தது. அதன்பின் ஐரோப்பாவில் எழுந்த கோரிக்கையில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய வரலாற்றைப் பாடமாக நடத்தும் நாம், இவர்தம் துயரை உணராவிடில் வேறு யார் உணர்வார்?

நாம் செய்யத்தக்கது

சென்ற ஆண்டு, பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இயற்பியல் மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா, வெண்பா என்றால் என்ன? கேமில் வருகிற அந்த அம்மாவுக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டான். இருபது ஆண்டுகளாக வெண்பா நடத்துகின்றேன். தேர்வுக்கு வருமா என்று கேட்டவர்கள் உண்டு; என்னவென்று கேட்டவன் அவன் ஒருவனே. அன்று அலகிட்டுக் காட்டியபோது வகுப்பு முழுதும் அமைதியாகக் கேட்டது.

ஆகவே இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஆண்டிற்கு ஓர் அமர்வினைக் கணினி விளையாட்டின் கதையாக்கத்திற்கு ஒதுக்குவோம். நிரல் எழுதத் தெரிந்த இளைஞரையும் யாப்பறிந்த கவிஞரையும் ஒரே பலகையில் அமர்த்துவோம். மாங்கனித் திருவிழாவையும் புனிதவதியார் வாழ்வையும், அரசலாற்றங்கரை மீனவர் வாழ்வையும் அவர்கள் சேர்ந்து ஆக்கட்டும். அந்த ஆக்கங்களின் படியை நம் நூலகத்தில் காப்போம்.

அடுத்த பத்தாண்டு நிறைவின்போது இங்கு அமர்ந்திருக்கப்போவோர் இன்று கைப்பேசியில் ஆடிக்கொண்டிருப்பவர்களே. அவர்கள் நம்மிடம் வரவில்லை என்று வருந்துகின்றோம். நாம் ஒருமுறை அவர்கள் அருகில் சென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தோமா? நான் உட்கார்ந்தேன், என் மகன் எனக்குத் திரும்பக் கிடைத்தான்.